நல்லாத்தான் இருக்குங்க

1

ஊருக்குக் கடிதம் எழுதும்போது முதல் வரியை நான் யோசித்து எழுதியதே இல்லை. "இவ்விடம் நானும் வெள்ளையம்மாளும் குழந்தை வள்ளியும் முருகன் கிருபையால் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று கை தானாக எழுதிவிடும். அதற்கு மேல்தான் யோசனை. இந்த ரப்பர்த் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் எழுத்துத் தெரியாதவர்கள் பலர். அஞ்சாவது வரை படித்தவன் என்பதால் அவர்களுக்கும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருகிறவன்கூட, "மொதல்ல க்ஷேமம்னு போட்டுருங்கண்ணே, மத்ததைப் பொறகு பாத்துக்குவோம்" என்பான். அந்த மற்றது கடைசி வரிக்குள் வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

இந்தக் குறிப்பை மட்டும் அப்படி ஆரம்பிக்க மனம் வரவில்லை.

போன வாரம் தைப்பூசம். டவுன் கோயிலுக்கு லாரியில் போய் வந்தோம். கோயில் படியில் நான் ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் நம்ம இலுப்பூர்ப் பக்கத்துக்காரர். பேச்சிலேயே தெரிந்துவிட்டது. "என்னங்க, கால்ல என்ன? இப்ப சொகமா?" என்று கேட்டார்.

"முழுக்கச் சொகமில்லைங்க. நடந்தா இழுக்குது. மழைக்கு நோகுது" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர்போல, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வேகமாக மேலே ஏறிப் போய்விட்டார். எனக்கு முகம் சுட்டது. உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் நாலு பேர் முன்னால் வேட்டி அவிழ்ந்ததுபோல இருந்தது. இந்த வெட்கம் எனக்கு எப்போது வந்தது, ஏன் இன்னும் போகவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

எங்கள் ஊர் விராலிமலைக்குக் கிழக்கே நடந்து போகிற தூரம். வயலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலை தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் ஒரு வைத்தியரிடம் போவோம். அவர் முன்னால் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறக்கக் கூடாது. நாடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு அவரே சொல்வார், ராத்திரி தூக்கமில்லை, இரண்டு நாளாகப் பசியில்லை என்று. இங்கே வலிக்கிறது, அங்கே குத்துகிறது என்று நாமாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "அப்ப நீயே வைத்தியம் பாத்துக்க, எங்கிட்ட எதுக்கு வந்தே?" என்பார். அதனால் நல்ல நோயாளி என்றால் எங்கள் ஊரில் பேசாத நோயாளி.

தவிர, கெட்டதை வாயால் சொல்வதில்லை. அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வெளியே கிளம்புகிறவன் போகிறேன் என்று சொல்லமாட்டான், போயிட்டு வாரேன் என்றுதான் சொல்லுவான். இதெல்லாம் உங்களுக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் அப்பா சாகிற அன்று காலையில், பார்க்க வந்தவர்களிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "எனக்கென்ன, முருகன் புண்ணியத்துல நல்லா இருக்கேன். நீங்கள்ளாம் சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்தார். வந்து பார்த்துப் போனவர்கள் அதைத்தான் பல வருஷம் பெருமையாகப் பேசினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலும் ஒரு டாக்டர் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார், உடம்பு நல்லா இருக்கா என்று. நல்லா இருக்குங்க என்றவனெல்லாம் கப்பல் ஏறினான். இருமியவன் ஊருக்குத் திரும்பினான். ஆகக்கூடி, நான் இந்த மலாய்ச் சீமைக்கு வந்து சேர்ந்ததே அந்த ஒரு பதிலைச் சொல்லித்தான்.

3

பால்மரம் வெட்டுவது, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, வெறுங்காலில் செய்கிற வேலை. விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் வெயில் ஏறும்வரை நடைதான். மழைக் காலத்தில் ஒரு அட்டை கணுக்காலுக்கு மேலே கடித்தது. அட்டை கடிக்காத ஆள் இங்கே யார்? சொறிந்தேன். புண்ணாயிற்று. புகையிலையை மென்று வைத்துக் கட்டினேன். புண் காலணா அளவிலிருந்து உள்ளங்கை அளவுக்குப் பரந்தது. தண்டல்தான், அதாவது எங்கள் கங்காணிதான், நாற்றம் தாங்காமல் துரையிடம் சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அந்த ஆஸ்பத்திரி பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவானது. ஒரே நீளக் கூடம், இரண்டு பக்கமும் கட்டில். டாக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். கண்டிப்பான மனிதர், கெட்டவர் இல்லை. அவர் கை வைத்துப் பிழைத்தவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. காலையில் டிரஸர் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போவார். அப்புறம் டாக்டர் வருவார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "என்ன, சுகமோ?" என்பார்.

நான் எழுந்து உட்கார்ந்து, கும்பிட்டு, "முருகன் புண்ணியத்துல நல்லாத்தான் இருக்குங்க" என்பேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

அடுத்த கட்டிலில் ஒரு சீனர். ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் காலில்தான் புண். டாக்டரின் தலை கூடத்தில் தெரிந்ததுமே சத்தம் போட ஆரம்பித்துவிடுவார். மலாயும் சீனமும் கலந்து, காலைத் தூக்கிக் காட்டி, கட்டைப் பிய்த்துக் காட்டி, முகத்தைக் கோணிக் காட்டி, ஒரே ஆர்ப்பாட்டம். டாக்டர் திட்டுவார். அவர் அதற்கும் மேலே சத்தம் போடுவார். எனக்கு அருவருப்பாக இருக்கும். பெரிய மனிதர் முன்னால் இப்படியா, ஒரு அடக்கம் வேண்டாமா என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒரு நாள் அவரை வண்டியில் ஏற்றி டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தொடையிலிருந்து தோலை எடுத்துப் புண்மேல் ஒட்டுகிறார்களாம் என்று டிரஸர் சொன்னார். சத்தம் தொலைந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளையம்மாளும் வள்ளியும் பார்க்க வருவார்கள். வள்ளி இங்கே பிறந்தவள். நமது பாஷையும் மலாயும் அவள் வாயில் ஒரே சோறும் குழம்புமாகக் கலந்திருக்கும். கூடத்தின் வாசலிலேயே நின்று, "அப்பா, இன்னும் காலு சாக்கிட்டா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பாள். சாக்கிட் என்றால் மலாயில் நோவு. "அப்படிச் சொல்லாதே பாப்பா" என்று அதட்டுவேன். "ஏம்ப்பா? சாக்கிட்டுன்னா சாக்கிட்டுதானே?" என்பாள். அந்தச் சொல்லில் அவளுக்கு எந்த அச்சானியமும் இல்லை. இந்த ஊரில் பிறந்தது எப்படி வளர்கிறது பார் என்று நான் மனத்துக்குள் குறைப்பட்டுக்கொள்வேன்.

4

புண்ணின் மேலே தோல் மூடிக்கொண்டு வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அந்தத் தோலுக்குக் கீழே எனக்குத் தெரியும், ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. விரலால் அமுக்கினால் ஓரத்தில் சீழ் கசியும். டிரஸரிடம் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அன்றைக்கு எத்தனையோ புண். "டாக்டர் கேக்கும்போ நீயே பறயணும்" என்று மலையாளத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் கேட்டார். நான் நல்லாத்தான் இருக்குங்க என்றேன்.

பிறகு ஒரு நாள் அவர், "சரி, வீட்டை போம்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

காட்டில் இறங்கி நடந்ததும் மூடின தோல் வெடித்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு. இந்தத் தடவை டாக்டர் என்னைக் கட்டிலில் படுக்க வைக்கவில்லை. வராந்தாவில் நிற்க வைத்தே பார்த்தார். "நான் செய்யக்கூடியதைச் செய்தாச்சு. இனி இதுக்கு மருந்து இல்லை. வாற ஆக்களுக்குக் கட்டிலும் காணாது. வேலைக்கு ஏலாது எண்டு எழுதித் தாறன். துரை கப்பல் டிக்கட் தருவார். ஊருக்குப் போய் ஆறுதலா இரும்" என்றார்.

நான், "சரிங்க" என்றேன்.

திரும்பி லயத்துக்கு நடக்கும்போதுதான் அந்தச் சரிங்கவின் பாரம் தெரிந்தது. ஊரில் எனக்கு இருந்த காணி நிலம் நான் கப்பல் ஏறும்போதே கைமாறிவிட்டது. மழையில்லாத ஊரில் இரண்டு காலுள்ளவனுக்கே வேலை இல்லை. அழுகின காலோடு போய் இறங்கினால் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டிலில்தான் படுக்க வேண்டும். அந்தக் கால் எத்தனை நாள் உடம்போடு இருக்கும் என்பதும் தெரியாது. வெள்ளையம்மாளும் வள்ளியும் என்ன ஆவார்கள்? எல்லாம் க்ஷேமம் என்று இத்தனை வருஷம் எழுதிவிட்டு, அந்த வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

வெள்ளையம்மாள் அடுப்படியில் இருந்தாள். சொன்னேன். ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"சரின்னீங்களா? ஏங்க, அது என்ன எரவல் காலா? வாங்கின எடத்துல குடுத்துட்டு வர்றதுக்கு?"

அவள் விடவில்லை. "சோத்துல உப்பு ஒரு கல்லு கொறஞ்சா லயமே கூடுற மாதிரி பேசுவீங்க. தலாணி மேடா இருக்கு, தண்ணி ஆறிப்போச்சு, கொழம்பு தண்ணியா இருக்குன்னு ஆயிரம் கொறை இருக்கும் எங்கிட்ட. அந்த டாக்டருகிட்ட மட்டும் எல்லாம் நல்லா இருக்கு. நல்லா இருக்கிற காலை எதுக்குங்க கப்பல்ல ஏத்தணும்?"

"பெரிய மனுசரு புள்ள. அவரு சொன்னதுக்கு எதுத்துப் பேசச் சொல்றியா?"

"எதுத்துப் பேச வேணாம். நோகுதுன்னு சொல்லுங்க. அதையாவது சொன்னீங்களா, அங்க இருந்த இத்தனை நாள்ல ஒரு தடவை?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு தடவைகூட.

5

எங்கள் அறையில் விராலிமலை முருகன் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி, பழத்தோடு ஒரு சுருட்டும் வைத்துக் கும்பிடுவேன். நம்ம மலையில் சுருட்டுத்தானே நைவேத்தியம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை. "ஏன்யா, ஒங்க சாமி ஒரு கட்டு பீடின்னா ஏத்துக்காதா?" என்று அடுத்த வீட்டு மாரிமுத்து வாரம் தவறாமல் கேட்பான். நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

மறுநாள் காலையில் அந்தப் படத்தின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "நல்லா இல்லைங்க" என்று ஒரு தடவை. குரல் வரவில்லை. இன்னொரு தடவை. சாமி முன்னால் கெட்ட வார்த்தை பேசியதுபோல உடம்பு கூசியது. அப்பா ஞாபகம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "முருகா, உன் பேரைச் சொல்லிச் சொல்லியே இல்லாததைச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு உள்ளதைச் சொல்ல வாயைக் குடு" என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலும் சரிதானா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வெள்ளையம்மாள் கூட வந்தாள். வராந்தாவின் கடைசித் தூணோரம் நின்றுகொண்டாள். வரிசையில் நிறையப் பேர். எல்லோரும் நம்ம ஜனங்கள்தான், எங்கள் தோட்டத்துக்காரர்களும் மற்றத் தோட்டத்துக்காரர்களும். என் முறை வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். காகிதம் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்போலும். வழக்கம்போல, "என்ன, சுகமோ?" என்றார்.

"நல்லா..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. பழகின வாய். அதைப் பாதியில் நிறுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"நல்லா இல்லைங்க" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார்.

"நோகுதுங்க. வந்த நாள்லேருந்து நோகுது. மேல மூடியிருக்கு, உள்ள ஆறலைங்க."

"நீர்தானே ஒவ்வொரு நாளும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு எண்டு சொன்னனீர்?"

"ஆமாங்க."

"அப்ப எனக்குப் பொய்யே சொன்னனீர்?"

வரிசை முழுவதும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. பொய் சொன்னவன் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. "பொய்யின்னு நெனச்சுச் சொல்லலைங்க. எங்க பக்கத்துல பெரியவங்க கேட்டா அப்படித்தான் சொல்றது. அது மரியாதைன்னு நெனச்சேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. யாரோ சிரித்தார்கள்.

அவர் கோபமாக, இப்படி ஆளுக்கொரு கதை சொன்னால் தான் எப்படி வைத்தியம் பார்ப்பது, வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள், எழுத வேண்டியதை எழுதியாயிற்று, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்த ஆளைக் கையால் கூப்பிட்டார். அடுத்த ஆள் முன்னால் நகர்ந்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் கும்பிட்டுவிட்டு ஒதுங்கியிருப்பேன். தூணோரம் பார்த்தேன். வெள்ளையம்மாள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒதுங்குவதைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தாளோ என்னவோ.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். கட்டை அவிழ்த்தேன். நாற்றம் வந்தது. அடுத்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். அந்தச் சீனர் செய்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே காரியத்தை எல்லோர் முன்னாலும் நானே செய்தேன். காலைத் தூக்கி, மூடின தோலின் ஓரத்தில் விரலை வைத்து அமுக்கினேன். வந்தது.

"இதைப் பாருங்கய்யா. இது ஆறின கால் இல்லைங்க. பெரிய ஆஸ்பத்திரியில தோலு ஒட்டுறாங்களாம். எம் பக்கத்துக் கட்டில்ல இருந்தவரை அனுப்புனீங்க. என்னையும் அனுப்புங்க."

"அந்தாள் ஒவ்வொரு நாளும் கத்தினவன். நீர் வாய் திறக்கேல்லையே."

"இப்பத் தொறக்குறேங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தொட்டும் பார்த்தார். நான் பல்லைக் கடிக்கவில்லை. நோகுது என்று சத்தமாகவே சொன்னேன்.

"தோல் ஒட்டினாலும் பிடிக்குமெண்டு சொல்ல ஏலாது" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"பிடிக்கலேன்னா நீங்க சொன்ன மாதிரி கப்பல் ஏறுறேங்க. பிடிக்குமான்னு பாக்காம ஏற மாட்டேன்."

எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. காலுக்காக வந்ததா, பெரியவர் முன்னால் மாட்டேன் என்று சொல்லிவிட்ட பயத்தில் வந்ததா, தெரியவில்லை. இவ்வளவு வயதான ஆண்பிள்ளை, தரையில் உட்கார்ந்து, சீழ் வடிகிற காலை நீட்டிக்கொண்டு அழுதேன். அதைப் பார்த்தவர்களில் இரண்டு பேர் இன்றும் என்னோடு ஒரே ரப்பர் ஷெட்டில் வேலை பார்க்கிறார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

டாக்டர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து டிரஸர் வந்து, நாளைக் காலை வண்டி, ஒரு வேட்டி மட்டும் எடுத்துக்கொண்டு வா என்றார்.

6

பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர். மேலே மூடின தோலையெல்லாம் அறுத்து எடுத்து, உள்ளே சுத்தம் செய்து, பல நாள் காயவிட்டு, தொடையிலிருந்து சின்னச் சின்னதாகத் தோலைக் கிள்ளி எடுத்து, நாற்று நடுகிறதுபோல நட்டார்கள். சில பிடித்தன, சில கருகின. கருகின இடத்தில் மறுபடி நட்டார்கள்.

அங்கேயும் காலையில் கேள்வி வரும். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸம்மா கேட்டுச் சொல்லுவார். ஒவ்வொரு காலையும் எனக்கு அது ஒரு சோதனை. நல்லா இருக்கு என்பது நாக்கு நுனியில் நிற்கும். அதை விழுங்கிவிட்டு, இந்த இடத்தில் எரியுது, இந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று நாளெல்லாம் வெட்கப்பட்டுக் கிடப்பேன். நர்ஸம்மாவுக்கு மட்டும் அதில் ஒரு அதிசயமும் இல்லை. கேட்டுக்கொண்டு, சொல்லிவிட்டு, போய்விடுவார்.

கால் பிழைத்தது. முழுசாக இல்லை. கணுக்கால் மடங்காது. பால்வெட்டுக்கு ஆகாது என்பதால் துரை என்னை ரப்பர் ஷீட் பிரித்து அடுக்குகிற ஷெட்டில் போட்டார். கப்பல் டிக்கட் பேச்சு நின்றது.

அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இவ்விடம் வரை எழுதினேன். அப்புறம், எனக்குக் காலில் பெரிய புண் வந்து இப்போது பாதி குணம் என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. ஆனாலும் அனுப்பிவிட்டேன். பதில் வந்தது. என்னமோ ஏதோ என்று பயந்துபோனோம், இனிமேல் இப்படியெல்லாம் எழுதிக் கலவரப்படுத்தாதே என்று எழுதியிருந்தார். அதற்கும் வெட்கம்தான்.

7

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தைப்பூசத்துக்குப் போய் வந்த மறுநாள். ஷெட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். வெள்ளையம்மாள் சோறு போட்டாள். குழம்புச் சட்டியை எடுக்கக் குனிந்தவள், பாதியில் நின்று, ஒரு கையை அடிவயிற்றில் வைத்து, மூச்சை விட்டுவிட்டுப் பிறகு குனிந்தாள். இது புதிதில்லை. நான் எத்தனையோ தடவை பார்த்திருப்பேன். பார்த்துவிட்டுச் சாப்பிட்டிருப்பேன்.

"என்ன செய்யுது ஒனக்கு?" என்றேன்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். சாப்பிடுங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டுச் சொன்ன குரல். கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவளை எத்தனையோ தடவை எப்படி இருக்கே என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

"வெள்ளையம்மா, இன்னொரு தடவை கேக்குறேன். என்ன செய்யுது?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். வள்ளிதான் கதவோரம் இருந்து, "அம்மாவுக்கு வயிறு சாக்கிட்டுப்பா. நீ ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சாக்கிட்" என்றாள். அவளை நான் இந்தத் தடவை அதட்டவில்லை.

மறுநாள் பிரட்டில் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே வராந்தா, அதே வரிசை, அதே டாக்டர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன, இண்டைக்கு என்ன குறை சொல்லப் போறீர்?" என்றார். எனக்கில்லை, வீட்டுக்காரிக்கு என்றேன்.

"இவவுக்கு என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருஷன் கூட நிற்கும்போது பெண்பிள்ளை வேற்று மனிதரோடு பேசமாட்டாள். நான்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். கொஞ்சம் வயித்துவலிதாங்க என்று சொல்ல வந்தேன். கொஞ்சமா நிறையவா என்று எனக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நாளாக என்றுகூட எனக்குத் தெரியாது. வள்ளிக்குத் தெரிந்த அளவுகூட எனக்குத் தெரியாது.

"அவளையே கேளுங்கய்யா. அவ சொல்லட்டும்" என்றேன்.

வெள்ளையம்மாள் என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்து போயிற்று. வாய் திறந்து மூடியது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பாதியில் நிறுத்த அவளுக்கு எவ்வளவு பாடு என்றும் தெரியும். மனத்துக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

"நல்லா இல்லைங்க" என்றாள்.

பிறகு சொன்னாள். இரண்டாவது குழந்தை பேறுகாலத்தில் போனதே, அப்போது ஆரம்பித்தது என்றாள். காட்டில் பால் வாளி தூக்கும்போது எப்படி இருக்கும், குனிந்து அடுப்பு ஊதும்போது எப்படி இருக்கும், எந்தெந்த நாளில் நிற்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எல்லாம் சொன்னாள். முதலில் தரையைப் பார்த்துச் சொன்னாள், பிறகு டாக்டரைப் பார்த்தே சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் பெரும்பாலானதை நானும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை நின்றேன்.